கேட் தேர்வு: எதை எழுதுவது, எதை விடுவது

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தெரிந்த தம்பி ஒருவர் தன் கேட் மாக் தேர்வின், அதாவது மாதிரித் தேர்வின், மதிப்பெண் தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் வேலை பார்ப்பவர். "அண்ணா, 68 கேள்வியில 52 எழுதினேன். மார்க் 61தான் வந்திருக்கு. கணக்குல நான் ரொம்ப வீக்கா?" என்றார். இரண்டு பேரும் பேனாவோடு உட்கார்ந்தோம். சரியான விடைகள் 27, தவறானவை 25. சரியான 27-க்கு 81 மார்க். தவறான 25-ல் ஐந்து, விடையை நாமே உள்ளிடும் வகை; அதற்கு மைனஸ் இல்லை. மீதி இருபதுக்கு இருபது மார்க் போயிருந்தது. அந்த இருபதையும் தொடாமல் விட்டிருந்தால் 81 அப்படியே கையில் இருந்திருக்கும், அதுவும் புதிதாக ஒரு ஃபார்முலாகூடப் படிக்காமல்.

அந்த இருபது கேள்விகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். பாதிக்கு மேல், கேள்வியைப் படித்து முடித்தபோதே "இது நமக்கு வராது" என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஆரம்பித்துவிட்டோமே என்று மூன்று நிமிடம், நான்கு நிமிடம் செலவழித்து, கடைசியில் ஏதோ ஒன்றைக் கிளிக் செய்திருக்கிறார். எம்.பி.ஏ. படிப்பு தரும் ஐஐஎம்களின், அதாவது இந்திய மேலாண்மை நிறுவனங்களின், நுழைவுத் தேர்வைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பாதி அந்த ஒரு தாளிலேயே இருந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன், பிறகு பி.காம். கேட் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை என்னென்ன தவறு செய்தேன் என்பதையும் இதில் எழுதுகிறேன். ஒரு சின்னக் குறிப்பு: எம்.டெக் சேர்க்கைக்கு எழுதும் தேர்வையும் தமிழில் கேட் என்றே எழுதுகிறோம். இங்கே கேட் என்றால் ஐஐஎம்களின் பொது நுழைவுத் தேர்வு மட்டும்தான்.

முதலில் தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேட்டை ஒவ்வொரு வருடமும் ஒரு ஐஐஎம் பொறுப்பெடுத்து நடத்தும். 2023-ல் லக்னோ, 2024-ல் கல்கத்தா, 2025-ல் கோழிக்கோடு. நவம்பர் மாதக் கடைசி ஞாயிறு என்பது சமீப வருடங்களின் வழக்கம். ஒரே நாளில் காலை, மதியம், மாலை என்று மூன்று ஸ்லாட். எந்த ஸ்லாட் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அட்மிட் கார்டு வரும்போதுதான் தெரியும்.

மொத்தம் 120 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பகுதி ஒன்றுக்கு 13 நிமிடம் 20 விநாடி கூடுதலாக உண்டு. 2024 தாளில் 68 கேள்விகள். முதலில் ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், அதாவது விஏஆர்சி, 24 கேள்வி. அடுத்து தரவு விளக்கமும் தர்க்கமும், அதாவது டிஐஎல்ஆர், 22 கேள்வி. கடைசியில் கணக்கு, எல்லோரும் குவான்ட் என்பார்கள், 22 கேள்வி. இந்த வரிசையை மாற்ற முடியாது. ஒரு பகுதியைச் சீக்கிரம் முடித்துவிட்டாலும் அடுத்ததற்குத் தாவ முடியாது. 40 நிமிடம் முடிந்ததும் திரை தானாக மாறிவிடும்.

சரியான விடைக்கு 3 மார்க். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மார்க் குறையும். விடையை நாமே உள்ளிடும் கேள்விகளை மாணவர்கள் டிட்டா என்பார்கள். அதில் தவறினாலும் மைனஸ் இல்லை. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நான்கு முறையில் ஒரு முறை 3 மார்க் வரும், மூன்று முறை 1 மார்க் போகும். வரவும் செலவும் சரியாகப் போய்விடும். ஒரு விடையாவது தவறு என்று உறுதியாகத் தள்ள முடிந்தால்தான் ஊகம் நம் பக்கம் சாயும். டிட்டாவில் மட்டும், ஓரளவு யோசித்த கேள்வி என்றால் எதையாவது போட்டுவிட்டு வாருங்கள், வெறுமையாக விடாதீர்கள்.

அடுத்தது பெர்சன்டைல். இதைச் சதவீதம் என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 99 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 மார்க் வாங்க வேண்டும் என்று என் வீட்டிலும் ரொம்ப நாள் நம்பினார்கள். 2024-ல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அதில் முதல் மூவாயிரம் பேருக்குள் வந்தால் 99 பெர்சன்டைல். அதற்கு வேண்டிய மார்க், சமீப வருடங்களில் மொத்த மார்க்கில் பாதிகூட இல்லை. பள்ளியில் நூற்றுக்கு 96 வாங்கிப் பழகியவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம். பாதிக் கேள்விகளை விட்டுவிட்டு வருவதை மனது தோல்வியாகவே பார்க்கும். தயாரிப்பில் பெரும்பகுதி அந்த மனதைப் பழக்குவதற்கே போகும்.

மூன்று ஸ்லாட்டுக்கும் தாள்கள் வேறு வேறு என்பதால், கடினத்தைச் சமன்செய்து ஸ்கேல்டு ஸ்கோர் தருவார்கள். மதிய ஸ்லாட் சுலபமாம், மாலை ஸ்லாட் கஷ்டமாம் என்ற பேச்சில் தலையைக் கொடுக்காதீர்கள்.

உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, சான்றிதழ் இருக்கிறதா

ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம். கடைசி வருடம் படிப்பவர்களும் எழுதலாம். வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். கணக்கே படிக்காத பி.ஏ. தமிழ் இலக்கிய மாணவரும் எழுதலாம்.

சான்றிதழ் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் வருடா வருடம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் தமிழ்நாடு அரசு இடங்களுக்கானது. ஐஐஎம்கள் மத்திய அரசின் இடஒதுக்கீட்டைப் பின்பற்றுகின்றன: ஓபிசி 27 சதவீதம், எஸ்சி 15, எஸ்டி 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10. இந்த 27 சதவீதத்துக்குள் வர, உங்கள் சாதியின் பெயர் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். நீங்கள் கிரீமி லேயரில், அதாவது ஓபிசியில் வசதி படைத்த பிரிவில், இல்லை என்று மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழும் வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாப் பெயரும் மத்தியப் பட்டியலில் இருக்காது. எழுத்துகூட வேறுபடலாம். பட்டியலைத் திறந்து உங்கள் பெயரை நீங்களே பாருங்கள்.

இந்தச் சான்றிதழை நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக வைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது நகர்ந்து வர நாளாகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் செப்டம்பர் முதல் வாரத்தில் விண்ணப்பித்தார். கேட் விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்தபோதும் சான்றிதழ் வரவில்லை. பொதுப் பிரிவில் போட்டுவிட்டு எழுதினார். நல்ல பெர்சன்டைல் வந்தது, ஆனால் பொதுப் பிரிவு கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு வருடம் போய்விட்டது.

விண்ணப்பம்

ஜூலை கடைசியில் அறிவிப்பு வரும். ஆகஸ்ட் 1-ல் தொடங்கி செப்டம்பர் மத்தி வரை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 2024-ல் கட்டணம் 2,500 ரூபாய், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,250. இந்த ஒரே கட்டணம் எல்லா ஐஐஎம்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் எந்தெந்த ஐஐஎம் என்று கேட்கும் பக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா மட்டும் டிக் செய்துவிட்டு, நம் பக்கத்திலேயே சூரியூரில் இருக்கும் திருச்சி ஐஐஎம்மை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2011-ல் தொடங்கிய நிறுவனம் அது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மார்க்குகளைத் தாளைப் பார்த்து அப்படியே உள்ளிடுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். நேர்காணலில் மூலச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேலை அனுபவ மாதங்களும் அப்படித்தான்.

டெல்லி எஃப்எம்எஸ், குர்கான் எம்டிஐ, மும்பை எஸ்பிஜெயின், ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி போன்ற எம்.பி.ஏ. படிக்கும் இடங்களும் கேட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதியும் வேறு வேறு. ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு மாக்

பிப்ரவரி, மார்ச்சில் ஆரம்பித்தால் எட்டு மாதம் கிடைக்கும், அது தாராளம். வேலைக்குப் போகிறவர்கள் ஜூனில் ஆரம்பித்தும் முடித்திருக்கிறார்கள். எப்போது ஆரம்பித்தாலும், முதல் நாள் பழைய தாள் ஒன்றை எடுத்து, 40 நிமிட அலாரம் வைத்து மூன்று பகுதியும் எழுதிவிடுங்கள். ஒன்றுமே படிக்காமல் எழுதி என்ன பயன் என்று தோன்றும். எந்தப் பகுதி உங்களைக் கீழே இழுக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஐஐஎம்கள் மொத்தப் பெர்சன்டைலுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச அளவு வைக்கின்றன. குவான்ட்டில் 99 வாங்கிவிட்டு விஏஆர்சியில் கீழே போனால் நேர்காணல் அழைப்பு வராது.

பயிற்சி மையம் தேவையா என்று கேட்பார்கள். ஒழுங்காக உட்கார வைக்க ஒருவர் வேண்டும் என்றால் போகலாம். நான் முதல் முறை ஒரு மையத்தில் பெரிய தொகை கட்டினேன். வகுப்பு முழுக்க ஷார்ட்கட் ஃபார்முலாக்கள். நானூறு ஃபார்முலாவை நோட்டில் எழுதி வைத்திருந்தேன், தேர்வில் ஐந்தாறு பயன்பட்டிருந்தால் அதிகம். இரண்டாவது முறை ஒரு மாக் தொகுப்பு மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய தாள்களோடு வீட்டிலேயே உட்கார்ந்தேன்.

விஏஆர்சி: தமிழில் ஒரு வரி

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படுவது இங்கேதான். இந்தப் பகுதியில் கேட்பது ஆங்கில இலக்கணமோ கடினமான சொற்களின் அர்த்தமோ இல்லை. 2024-ல் நான்கு நீளமான பத்திகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி, ஆக 16. மீதி எட்டுக் கேள்விகள் வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பத்தியின் சாரத்தைத் தேர்ந்தெடுப்பது, பொருந்தாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, விடுபட்ட வாக்கியத்தை உரிய இடத்தில் வைப்பது. எல்லாமே, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று பிடிப்பதுதான்.

பத்திகள் மானுடவியல், தத்துவம், சூழலியல், கலை வரலாறு, பொருளாதாரம் என்று எங்கிருந்தும் வரும். ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் தினமும் படி என்று எல்லோரும் சொல்வார்கள். கெட்டது இல்லை, ஆனால் போதாது. ஏயான் போன்ற இணைய இதழ்களில் வரும் நீண்ட கட்டுரைகளே கேட் பத்திகளுக்கு நெருக்கம். தினமும் ஒன்று போதும்.

எனக்குக் கைகொடுத்த முறை இது. ஒரு பத்தியைப் படித்ததும் நிறுத்தி, அதில் சொன்னதைத் தமிழில் ஒரே வரியில் நோட்டில் எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினால் அவர்கள் சொற்களையே மாற்றி மாற்றிப் போட்டு, புரிந்ததாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். தமிழில் எழுதும்போது அந்த வழி அடைபட்டுவிடும். புரிந்தால்தான் வரி வரும். முதல் மாதம் ஒரு கட்டுரைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மூன்றாவது மாதம் எழுதத் தேவைப்படவில்லை, மனதுக்குள் அந்த வரி தானாக ஓடும். அப்புறம் நான்கு பத்திகளையும் படித்து, கேள்விகளையும் பார்க்க 28 நிமிடம் போதுமானதாக இருந்தது.

விடைகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பத்தியில் இப்படி ஒரு கருத்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "பழைய நகரங்கள் பலவற்றில் ஊரின் எல்லையைத் தீர்மானித்தவை கோட்டைகளைவிட நீர்நிலைகள்தான்." விடை அ: பழைய நகரங்களின் எல்லையை நீர்நிலைகளே தீர்மானித்தன. விடை ஆ: நகர எல்லையைத் தீர்மானிப்பதில் நீர்நிலைகளின் பங்கு சில இடங்களில் கோட்டையைவிடப் பெரிதாக இருந்தது. அவசரத்தில் அ சரியாகத் தெரியும், சொற்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் "பலவற்றில்" என்பது காணாமல் போய், எல்லா நகரங்களுக்கும் பொருந்துவதாக ஆகிவிட்டது. எழுதியவர் சொன்னதைவிடக் கூட்டிச் சொல்லும் விடையை விட்டு விலகுங்கள். எல்லாம், எப்போதும், ஒருபோதும், மட்டுமே என்ற பொருள் வரும் விடைகளில் ஒரு நொடி நின்று பாருங்கள்.

வாக்கிய வரிசைக் கேள்விகள் டிட்டா வகை, மைனஸ் இல்லை. "அந்த அணை", "இதனால்", "ஆனால் அவர்" என்று தொடங்கும் வாக்கியம், அணையையோ அவரையோ முதலில் அறிமுகப்படுத்தும் வாக்கியத்துக்குப் பின்னால்தான் வரும். இப்படி இரண்டு வாக்கியங்களை ஒட்டிவிட்டால் மீதி சுலபம். இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் ஒரு வரிசையை உள்ளிட்டுவிட்டு நகருங்கள்.

டிஐஎல்ஆர்: ஐந்தில் மூன்று

2024-ல் இந்தப் பகுதியில் ஐந்து செட், அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்புகள். மூன்று செட்டில் நான்கு நான்கு கேள்வி, இரண்டில் ஐந்து ஐந்து. 40 நிமிடத்தில் ஐந்தையும் முடிப்பவர் மிக அபூர்வம். மூன்று செட்டைச் சுத்தமாக முடித்தால் மிக நல்ல பெர்சன்டைல் வரும், கடினமான வருடத்தில் இரண்டேகூட உங்களைக் காப்பாற்றும். எந்த இரண்டு, எந்த மூன்று என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் முறை தேர்வெழுதியபோது, திரையில் முதலில் வந்த செட்டையே எடுத்தேன். பத்து நிமிடத்தில் அட்டவணை பாதி நிரம்பியது. இன்னும் ஒரு எண் கிடைத்தால் உடைந்துவிடும், இன்னும் ஒரே ஒரு எண் என்று 23 நிமிடம் அதிலேயே இருந்தேன். உடையவில்லை. மீதி 17 நிமிடத்தில் பதற்றத்தோடு அடுத்ததைத் தொட்டு அதையும் பாதியில் விட்டேன். வெளியே வந்து பேசியபோதுதான் தெரிந்தது, நான்காவதாக இருந்த செட், எல்லோரும் ஏழெட்டு நிமிடத்தில் முடித்த சுலபமான செட். நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

அதனால் முதல் ஐந்தாறு நிமிடம் எதையும் போடாதீர்கள். ஐந்து செட்டையும் படியுங்கள். நிபந்தனைகள் உறுதியான எண்களாக இருக்கின்றனவா, அல்லது "அப்படியென்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி" என்று கிளை கிளையாகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். வரிசை, அட்டவணை, குழு, பயண வழி என்று உங்களுக்குப் பழக்கமான வடிவமா என்று பாருங்கள். கேள்விகளையும் பாருங்கள், நேரடியாக ஒரு மதிப்பைக் கேட்கும் முதல் கேள்வி இருந்தால், செட் முழுதும் உடையாவிட்டாலும் ஒன்றிரண்டு கிடைக்கும். ஆரம்பித்த பிறகு எட்டு நிமிடத்தில் உறுதியான ஒரு கட்டமாவது நிரம்பவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதுவரை செலவான எட்டு நிமிடத்தைப் பற்றி வருத்தப்படுவதுதான் அடுத்த பதினைந்து நிமிடத்தையும் தின்றுவிடும்.

பயிற்சிக்குப் பழைய தாள்களைவிட நல்லது எதுவும் இல்லை. 2017-லிருந்து எல்லா ஸ்லாட்டையும் சேர்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட செட்கள் கிடைக்கும். தினமும் இரண்டு. போட முடியாத செட்டுக்கு உடனே தீர்வைப் பார்க்காதீர்கள். மறுநாள் காலை வெறும் தாளோடு திரும்ப உட்காருங்கள். பெரும்பாலும் படத்தை வரைந்த முறையில்தான் தவறு இருந்திருக்கும்.

குவான்ட்: பத்தாம் வகுப்புக் கணக்கு, வேறு உடையில்

அரித்மெட்டிக்கும் அல்ஜீப்ராவும் சேர்ந்து பாதிக்கு மேல் வந்துவிடும். சதவீதம், லாப நட்டம், வட்டி, விகிதம், கலவை, வேலையும் நேரமும், வேகமும் தூரமும். அப்புறம் சமன்பாடுகள், அசமன்பாடுகள், மடக்கை, தொடர்கள். வடிவியல், எண்ணியல், வரிசை மாற்றம் அதற்குப் பிறகு. பி.காம்., பி.ஏ. படித்தவர்கள் ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமச்சீர் புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் போடுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான் என் தங்கையின் பழைய புத்தகத்தில்தான் வடிவியலைத் திரும்பப் படித்தேன்.

திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டும், மெதுவாகத்தான் போகும். பின்னங்களில் கணக்குப் போடப் பழகினால் அதன் தேவையே குறையும். ஒரு உதாரணம்: ஒரு வியாபாரி அடக்க விலையில் 40 சதவீதம் கூட்டி விலை குறித்து, 25 சதவீதம் தள்ளுபடி தருகிறார். லாபம் 210 ரூபாய். அடக்க விலை என்ன? எக்ஸ் என்று வைத்து ஆரம்பித்தால் நான்கு வரி ஓடும். 40 சதவீதம் கூடுவது 7/5, 25 சதவீதம் குறைவது 3/4. பெருக்கினால் 21/20. அதாவது 20 பங்கு 21 ஆகிறது. அந்த ஒரு பங்குதான் 210. அடக்க விலை 4,200. பதினைந்து விநாடி. 1/2-லிருந்து 1/16 வரை சதவீதங்களை மனப்பாடம் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

தேர்வில் மூன்று சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் 22 கேள்வியையும் படித்து, வழி உடனே தெரிகிறவற்றை மட்டும் போடுங்கள். இரண்டாவதில், வழி தெரியும் ஆனால் நீளம் என்பவை. மூன்றாவதற்கு நேரம் இருக்காது, இருந்தால் டிட்டாக்கள். சுலபமான கேள்வி கடைசியில் ஒளிந்திருப்பது இந்தத் தேர்வில் சகஜம். 22-வது கேள்வியைக் கண்ணால் பார்க்காமல் யாரும் வெளியே வரக் கூடாது.

மாக் எழுதுவது இரண்டு மணி நேரம், படிப்பது நான்கு மணி நேரம்

ஆகஸ்டிலிருந்து வாரம் ஒன்று, அக்டோபரிலிருந்து வாரம் இரண்டு. மொத்தம் இருபது, இருபத்தைந்து போதும். அறுபது மாக் எழுதிவிட்டு மார்க் நகராதவர்களை எனக்குத் தெரியும். எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, மதிப்பெண்ணைப் பார்த்து நொந்துவிட்டு அடுத்ததை எழுதப் போய்விடுவார்கள்.

மாக் முடிந்த அன்றோ மறுநாளோ, தீர்வுகளைத் திறக்காமல், தவறிய கேள்விகளையும் விட்ட கேள்விகளையும் நேர வரம்பில்லாமல் திரும்பப் போடுங்கள். பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எழுத்து. தெரியவில்லை என்றால் தெ. தெரிந்தும் கூட்டல் கழித்தலில் விட்டது என்றால் க. எடுத்திருக்கவே கூடாது என்றால் வி. சுலபமாக இருந்தும் பார்க்காமல் போனது என்றால் பா. ஐந்து மாக் ஆனதும் எண்ணிப் பாருங்கள். என் நோட்டில் தெ-யைவிட வி-யும் பா-வும் மிக அதிகமாக இருந்தன. நானோ அதுவரை தெ மட்டும்தான் என் பிரச்சினை என்று இரவெல்லாம் புதுப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் தம்பி இந்த நோட்டைப் போட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு மாக்கிலும் அவர் தொடும் கேள்விகள் 52-லிருந்து 38-க்கு இறங்கின. மார்க் ஏறியது.

மார்க் ஒரு மாக்கில் சரியும். தீபாவளிக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு மோசமான வாரம் வரும். மூன்று மாக்குகளின் சராசரியைப் பாருங்கள், ஒன்றைப் பார்த்துத் திட்டத்தை மாற்றாதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில் இரண்டு மணி நேரமும் சனி, ஞாயிறில் ஐந்து மணி நேரமும் ஒதுக்க முடிந்தால் போதும். ஷிப்ட் மாறுகிற வேலை என்றால் நேரத்தை விட்டுவிட்டு அளவைப் பிடியுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை, இரண்டு செட், பதினைந்து கணக்கு.

கடைசி மூன்று வாரமும் தேர்வு நாளும்

நவம்பர் தொடக்கத்தில் அட்மிட் கார்டு வரும். உங்கள் ஸ்லாட் எதுவோ அதே நேரத்தில் மீதி மாக்குகளை எழுதுங்கள். மதிய ஸ்லாட் என்றால் சாப்பாட்டு நேரத்தையும் அதற்கேற்பப் பழக்க வேண்டும். 12:30-க்குத் தேர்வு, பதினொன்றரைக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போய் விஏஆர்சியில் கண் சொருகியவர்கள் உண்டு. கேட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மாதிரித் தேர்வு ஒன்று இருக்கும். தேர்வுக் கூடத்தில் வரும் அதே திரை. அதில் ஒரு முறையாவது உட்காருங்கள். விடைகளைத் திரையில் இருக்கும் எண் பலகையில் மவுஸால்தான் உள்ளிட வேண்டும், விசைப்பலகையைத் தொடக் கூடாது. வீட்டில் விசைப்பலகையில் தட்டிப் பழகியவர்களுக்கு அன்று கை தடுமாறும்.

தேர்வு மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஏதாவது பொறியியல் கல்லூரியாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பேருந்தும் குறைவு. அட்மிட் கார்டு, மூல அடையாள அட்டை. கைக்கடிகாரம், போன், நகை வேண்டாம். எழுதிப் பார்க்கத் தாளும் பேனாவும் அங்கேயே தருவார்கள். தாளை மூன்று பகுதிக்கும் பிரித்து மடித்துக்கொள்ளுங்கள், குவான்ட்டுக்கு இடம் இல்லாமல் ஓரத்தில் கிறுக்கினால் தவறு வரும்.

டிஐஎல்ஆர் மோசமாகப் போனால், குவான்ட் திரை வரும் அந்த நொடியில் அதை விட்டுவிட வேண்டும். உங்களுக்குக் கஷ்டமாக இருந்தது என்றால் உங்கள் ஸ்லாட்டில் எல்லோருக்கும் கஷ்டமாகவே இருந்திருக்கும். இரண்டாவது முறை நான் இரண்டு செட் மட்டும் முடித்து, மூன்றாவதில் பாதியில் நின்றேன். குவான்ட் தொடங்கியதும் மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டு, முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தேன். மோசமாகப் போனதாக நினைத்த அந்த டிஐஎல்ஆரில்தான் என் வாழ்க்கையின் சிறந்த பெர்சன்டைல் வந்தது.

எழுதி முடித்த பிறகு

சில நாட்களில் உங்கள் விடைத்தாளும் விடைக்குறிப்பும் தளத்தில் வரும். தவறு இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. முடிவுகள் டிசம்பர் பிற்பகுதியில் வருவது சமீப வழக்கம். அதுவரை சும்மா இருக்காதீர்கள். ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸாட் தேர்வு ஜனவரி தொடக்கத்தில் வரும், தயாரிப்பில் முக்கால்வாசி ஒன்றுதான். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதினால் தமிழ்நாட்டில் குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. படிக்கும் வழியும் திறந்திருக்கும். கடன் வாங்கிப் படிக்க முடியாத வீடுகளுக்கு அது கௌரவமான வழி.

அழைப்பு கேட் மார்க்கால் மட்டும் வருவதில்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மார்க், வேலை அனுபவம் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் கணக்கில் சேர்க்கும். அந்தக் கணக்கைத் தங்கள் தளங்களில் வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள், உங்கள் மார்க்கை வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 70 சதவீதம் என்பவர் ஒரு ஐஐஎம்மில் தள்ளப்பட்டு இன்னொன்றில் எடுக்கப்படுவது சாதாரணம்.

ஜனவரியிலிருந்து எழுத்துத் தேர்வும் நேர்காணலும். "ஏன் எம்.பி.ஏ.?" என்று கேட்பார்கள். ஆனால் அதிகம் தடுமாறுவது படித்த பாடம் பற்றியும் சொந்த ஊர் பற்றியும் வரும் கேள்விகளில்தான். பி.காம். படித்த என்னிடம் தேய்மானம் பற்றிக் கேட்டார்கள், கரூர் என்றதும் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி பற்றிக் கேட்டார்கள். அப்பா வேலை செய்த தறிப்பட்டறையைப் பற்றி நான்கு நிமிடம் பேசினேன். ஆங்கிலம் அங்கங்கே உடைந்தது, அவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மதிப்பெண் அட்டை வந்ததும் பதிவிறக்கி இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அடுத்த வருடம் டிசம்பர் 31 வரைதான் அது செல்லும். தளத்திலும் அதுவரைதான் கிடைக்கும்.